எஞ்சின் அறைத் தீ: முதல் பணத்தை எதில் போடுவது?

நம் செய்தித்தாள்களில் தீ விபத்துச் செய்தி பெரும்பாலும் ஒரே வாக்கியத்தில்தான் முடியும்: "மின்கசிவு காரணமாகத் தீப்பிடித்திருக்கலாம் என்று கூறப்படுகிறது." குடிசை எரிந்தாலும் சரி, ஜவுளிக்கடை எரிந்தாலும் சரி, அந்தச் சொல் மாறாது. படகுகளில் மின்வேலை பார்த்தே தலை நரைத்தவன் நான். அந்தச் சொல்லைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. அதற்குள் மூன்று வெவ்வேறு கோளாறுகள் ஒளிந்திருக்கின்றன. ஒன்றுக்கு வைத்த காவல் மற்றொன்றைத் தடுக்காது. இது தெரியாமல் செலவழித்தால் பாதுகாப்பு வந்துவிட்டதுபோல் தோன்றும், அவ்வளவுதான்.

இப்போது இதை எழுத ஒரு காரணம் இருக்கிறது. துபாயில் 20 மீட்டர் நீள மோட்டார் படகு ஒன்றின் கேப்டன், தூத்துக்குடிக்காரர், சென்ற மாதம் என்னை அழைத்தார். பக்கத்துத் துறையில் கட்டியிருந்த ஒரு படகு இரவில் எஞ்சின் அறையில் தீப்பிடித்து நீர்மட்டம் வரை எரிந்துபோயிருக்கிறது. அவருடைய முதலாளி பயந்துபோய், உடனே தீயணைப்பு சிலிண்டர் பொருத்தச் சொல்லிவிட்டார். கேப்டன் கையில் மூன்று விலைப்பட்டியல்கள்.

"அண்ணாச்சி, கரியமில வாயுதான் விலை குறைவாக இருக்கிறது. முதலாளியிடம் அதையே சொல்லிவிடட்டுமா?"

"சிலிண்டரைப் பிறகு பார்ப்போம், தம்பி. பேட்டரியிலிருந்து கிளம்பும் கேபிள்களில் ஃபியூஸ் எங்கே இருக்கிறது?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "பார்த்துச் சொல்கிறேன்" என்று வைத்துவிட்டார்.

அந்தப் படகை எனக்குத் தெரியும். 10 லிட்டர் டீசல் எஞ்சின்கள் இரண்டு, ஒரு ஜெனரேட்டர், 24 வோல்ட் பேட்டரி வரிசை, ஒரு இன்வர்ட்டர், கரையிலிருந்து 230 வோல்ட் மின்சாரம் எடுக்க 32 ஆம்பியர் பிளக்குகள் இரண்டு. எஞ்சின் அறையின் கொள்ளளவு சுமார் 20 கன மீட்டர். வளைகுடாக் கோடையில் எஞ்சின் ஓடும்போது அதற்குள் வெப்பம் 50 டிகிரியைத் தாண்டும். ஆளில்லாமல் துறையில் கட்டிக்கிடக்கும் இரவுகளிலும் குளிர்சாதனத்துக்காகக் கரை மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும். இப்படிப்பட்ட படகுக்கு எதை முதலில் வாங்குவது என்பதுதான் கேள்வி.

ஒரே சொல்லுக்குள் மூன்று கோளாறுகள்

முதலாவது, உண்மையான கசிவு. உப்பும் ஈரமும் சேர்ந்த இடத்தில், விரிசல் விட்ட உறையின் வழியாக, மின்சாரம் போகக்கூடாத பாதையில் கொஞ்சமாகப் போகிறது. தண்ணீர்ச் சூடேற்றியின் உட்புறம், நனைந்த சந்திப்புப் பெட்டி ஆகியவை இதற்கு வழக்கமான இடங்கள். அளவு சிறியது என்பதால் சாதாரண பிரேக்கருக்கு இது தெரியவே தெரியாது. கடையில் ஆர்சிசிபி என்று கேட்டு வாங்கும் கருவிதான் இதைப் பிடிக்கும். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே அது இணைப்பைத் துண்டித்துவிடும். கரை மின்சாரம் படகுக்குள் நுழைகிற இடத்திலேயே அது இருக்க வேண்டும். இதைப் பற்றி விவாதிக்க ஒன்றுமில்லை. இல்லையென்றால் இன்றே போடுங்கள். அது முதலில் காப்பாற்றுவது படகைச் சுற்றி நீந்துகிறவர்களின் உயிரை.

இரண்டாவது, ஷார்ட் சர்க்யூட். எஞ்சின் அதிரும்போது கேபிளும் அதிரும். ஒரு இரும்புத் தாங்கியின் விளிம்பில் உரசிக்கொண்டே இருக்கும் கேபிள் சில ஆண்டுகளில் தோலுரிந்து எஞ்சின் உடலைத் தொடும். பெரிய பேட்டரி வரிசை அந்த நொடியில் ஆயிரக்கணக்கான ஆம்பியரைத் தள்ளும். நடுவில் ஃபியூஸ் இல்லையென்றால் கேபிள் முழுநீளமும் பழுத்துச் சிவந்து, தன்னோடு கட்டியிருக்கும் எல்லாக் கம்பிகளையும் சேர்த்து எரிக்கும். பேட்டரி தருவது நேர்மின்சாரம் (டிசி) என்பதையும் மறக்கக்கூடாது. 50 ஹெர்ட்ஸ் மாறுமின்சாரம் (ஏசி) நொடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொட்டுப் போவதால் அதன் பொறி தானாக அணைய வாய்ப்பு உண்டு. நேர்மின்சாரத்தின் பொறிக்கு அந்த இடைவெளி கிடையாது. வீட்டுக்கு வாங்கிய பிரேக்கரைப் பேட்டரி லைனில் போட்டுவிட்டுப் போகிறவர்கள் இதை நினைத்துப் பார்ப்பதில்லை.

மூன்றாவதுதான் எனக்கு உறக்கத்தைக் கெடுப்பது: தளர்ந்த இணைப்பு. எல்லோரும் சொல்லும் லூஸ் காண்டாக்ட். இதில் மின்சாரம் கூடுதலாக ஓடுவதில்லை, வேறு பாதையில் கசிவதும் இல்லை. வழக்கமான அளவு, வழக்கமான வழியிலேயே ஓடுகிறது. ஆனால் நட்டு தளர்ந்த அந்த ஒரு புள்ளியில் தடை கூடிவிட்டது. 32 ஆம்பியர் ஓடும் இணைப்பில் பத்தில் ஒரு ஓம் தடை வந்தால் அங்கே மட்டும் ஏறத்தாழ 100 வாட் வெப்பம் பிறக்கும். வானொலி பழுதுபார்க்கிறவர் கையில் இருக்கும் பற்றவைப்புக் கோல் 25 அல்லது 40 வாட்தான். அப்படி மூன்று கோல்களைச் சேர்த்துக் கட்டி ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் இரவு முழுவதும் வைத்துவிட்டுப் போனதற்குச் சமம் இது. ஃபியூஸ் எரியாது, பிரேக்கர் விழாது, ஆர்சிசிபியும் அசையாது. அவற்றின் கணக்கில் எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கிறது.

ஒருமுறை வேறொரு படகில் குளிர்சாதனம் சரியாக ஓடவில்லை என்று அழைத்திருந்தார்கள். பின்தளத்தில் ஏறியதும் மீன் நாற்றம் அடித்தது. கடலில் மீன் நாற்றம் புதிதா என்று மாலுமி கேட்டான். நான் நேராகக் கரை மின்சார பிளக்கிடம் போனேன். சூடேறிய மின்பொருள்களின் பிளாஸ்டிக்குக்கு மீன் கருவாடாகும் வாசனை உண்டு. பிளக்கைத் திருகி இழுத்தபோது அது உடனே வரவில்லை, உருகி ஒட்டிக்கொண்டிருந்தது. வந்தபோது மூன்று முனைகளில் ஒன்று மட்டும் கறுத்து, அதைச் சுற்றிய நீல நிற உறை பழுப்பேறிப் பொரிந்து உள்வாங்கியிருந்தது. மற்ற இரண்டு முனைகளும் புதியவைபோல் பளபளத்தன. உள்ளே திருகைத் தொட்டுப் பார்த்தேன். ஸ்க்ரூடிரைவரே தேவைப்படவில்லை, விரலாலேயே அரைச் சுற்றுச் சுற்றியது. அதன் பின்னால் போகும் கம்பியின் தாமிர இழைகள் ஒரு சாண் நீளத்துக்குக் கறுத்துப்போயிருந்தன. பிரேக்கர் 'ஆன்' நிலையில்தான் இருந்தது.

அமெரிக்காவின் போட்‌யூஎஸ் படகுச் சங்கம் தன் காப்பீட்டுக் கோரிக்கைகளை ஆராய்ந்து வெளியிட்ட பழைய கணக்கு ஒன்றில், படகுத் தீ விபத்துகளில் 55 சதவீதம் மின்கம்பிகளிலும் மின்கருவிகளிலும் தொடங்கியவை. எரிபொருள் கசிந்து பிடித்த தீ 8 சதவீதம்தான். எஞ்சின் அறைத் தீ என்றதும் டீசலைத்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். டீசல் பெரும்பாலும் இரண்டாவதாக எரிவது; முதலில் எரிவது கம்பி.

துண்டிப்பதா, அணைப்பதா

முதலாளியின் பணம் போகக்கூடிய வழிகளை நான் நான்காகப் பார்க்கிறேன்: மின்சாரத்தைத் துண்டிக்கும் ஏற்பாடு, இணைப்புகளைச் சீர்செய்யும் வேலை, முன்கூட்டி எச்சரிக்கும் கருவிகள், தானாக வாயு பீய்ச்சும் சிலிண்டர். முதலாளிகள் நான்காவதைத்தான் முதலில் கேட்பார்கள். அது கண்ணுக்குத் தெரிகிறது, சிவப்பாக இருக்கிறது, காப்பீட்டு நிறுவனமும் அதைப் பற்றித்தான் கேட்கிறது.

ஆனால் வாயு சுடரை மட்டுமே அணைக்கும். ஷார்ட் ஆன கேபிளுக்குப் பேட்டரி மின்சாரம் ஊட்டிக்கொண்டே இருந்தால், சிலிண்டர் காலியான பிறகும் கேபிள் சிவந்தபடிதான் கிடக்கும். காற்றுப் போக்கிகள் வழியாக வாயு கலைந்து புதுக் காற்று வந்தவுடன் தீ மறுபடி பற்றும். இரண்டாவது சிலிண்டர் படகில் இருக்காது. ஆகவே துண்டிக்கும் ஏற்பாடு இல்லாத படகில் வாயு சிலிண்டர் பொருத்துவது பாதி வேலை. இந்த ஒரு காரணத்துக்காகவே நான் துண்டிப்பை முதலில் வைக்கிறேன்.

துண்டிப்பு என்றால் இரண்டு. ஒன்று, பேட்டரிக்கு மிக அருகில் ஃபியூஸ். அமெரிக்கப் படகுக் கட்டுமானத் தரங்களை வகுக்கும் ஏபிஒய்சி-யின் ஈ-11 விதி, பேட்டரியிலிருந்து 7 அங்குலத்துக்குள் காப்பு இருக்க வேண்டும் என்கிறது. கேபிள் நேராகப் பேட்டரி முனையிலேயே இணைந்து, அதன் முழுநீளத்துக்கும் தனி உறைக்குள் போனால் 72 அங்குலம் வரை அனுமதி உண்டு. காரணம் எளிது: ஃபியூஸுக்கும் பேட்டரிக்கும் இடையில் இருக்கும் கேபிளுக்கு யாரும் காவல் இல்லை, அந்த நீளம் குறையக் குறைய நல்லது. எந்த ஃபியூஸ் என்பதும் முக்கியம். லித்தியம் பேட்டரி ஷார்ட் ஆனால் பாயும் மின்சாரத்தைச் சாதாரண ஃபியூஸ் துண்டிக்க முயன்று தானே பொறியாகிவிடும். அதற்கு 20,000 ஆம்பியர் வரை துண்டிக்கும் 'கிளாஸ் டி' (Class T) ஃபியூஸைப் போடுங்கள்.

இந்த விதியில் ஒரு விலக்கு இருக்கிறது, அது பலருக்குத் தெரியாது. எஞ்சினை உயிர்ப்பிக்கும் ஸ்டார்ட்டர் கேபிளுக்கு ஃபியூஸ் கட்டாயம் இல்லை. படகிலேயே தடிமனான கேபிள், எஞ்சினை ஒட்டியே போகும் கேபிள், அதிகம் அதிரும் கேபிள் அதுதான். விதி விலக்கு அளித்துவிட்டது என்பதால் ஆபத்து விலகிவிடாது. அதற்குத் தனி உறை, உரசும் இடமெல்லாம் ரப்பர் வளையம், முனைகளுக்கு மூடி, இவை எல்லாம் வேண்டும். அதோடு கைக்கெட்டும் தூரத்தில் பேட்டரி சுவிட்ச் வேண்டும்.

அதுதான் இரண்டாவது: தொலைவிலிருந்து துண்டிக்கும் சுவிட்ச். பல படகுகளில் பேட்டரி சுவிட்ச் எஞ்சின் அறைக்குள்ளேயே இருக்கிறது. தீப்பிடித்த அறைக்குள் இறங்கிச் சுவிட்சை அணைக்கச் சொல்வது எந்த ஊர் நியாயம்? சுக்கான் மேடையிலிருந்து ஒரு பொத்தானை அழுத்தினால் விழும் மோட்டார் சுவிட்சுகள் கிடைக்கின்றன. அறைக்கு வெளியே இழுக்கும் கைப்பிடி வைத்தாலும் போதும். இதில் ஒரு எச்சரிக்கை: எல்லாவற்றையும் துண்டித்தால் வானொலியும் போய்விடும். உதவி கேட்டு அழைக்க வேண்டிய நேரம் அதுதான். விஎச்எஃப் வானொலிக்கு மேல்தளத்தில் தனியாக ஒரு சிறு பேட்டரி வையுங்கள். அடித்தளத் தண்ணீரை இறைக்கும் பம்பையும் தனி ஃபியூஸுடன் தனி வழியில் விடுங்கள்.

யாரும் விலைப்பட்டியல் தராத வேலை

தளர்ந்த இணைப்புகளைத் தேடுவதற்கு எந்தக் கடையும் விலைப்பட்டியல் அனுப்பாது. இரண்டு நாள் ஆள்கூலி, ஒரு வெப்பக் கேமரா, அளவாக இறுக்கும் டார்க் ஸ்பேனர், கேபிள் முனையில் மாட்டும் உலோக வளையங்களான லக்குகள் புதிதாக, வெள்ளீயம் பூசிய தாமிரக் கேபிள் கொஞ்சம், அவ்வளவுதான். செலவுக்குக் கிடைக்கும் பலன் என்று பார்த்தால் இந்த நான்கில் இதுதான் மிகச் சிறந்தது என்பேன்.

எப்படிச் செய்ய வேண்டும் என்பதில் தவறு நேர்கிறது. எஞ்சினை நிறுத்தி, எல்லாம் குளிர்ந்த பிறகு கேமராவைக் காட்டினால் எல்லாம் நீலமாகத்தான் தெரியும். குளிர்சாதனம், சூடேற்றி, பேட்டரி சார்ஜர் எல்லாவற்றையும் ஒரு மணி நேரம் முழுச் சுமையில் ஓடவிட்டுப் பிறகு பார்க்க வேண்டும். ஒரே பெட்டிக்குள் ஒரே வேலை செய்யும் மூன்று முனைகளில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிடச் சூடாகத் தெரிந்தால் அதுதான் உங்கள் குற்றவாளி. பிறகு எல்லா மின்சாரத்தையும் துண்டித்துவிட்டுத் திறந்து பாருங்கள். ஒரே போல்ட்டில் ஐந்தாறு லக்குகளை அடுக்கியிருப்பார்கள். நான்குக்கு மேல் கூடாது, பெரிய கேபிள் அடியில் இருக்க வேண்டும். லக்குக்கும் தாமிரத் தகட்டுக்கும் நடுவில் வாஷர் செருகியிருந்தால் எடுத்துவிடுங்கள். மின்சாரம் வாஷர் வழியாகப் போக வேண்டியதில்லை.

கேபிளின் தடிமனையும் எஞ்சின் அறை வெப்பத்துக்கு ஏற்றபடி கணக்கிட வேண்டும். ஏபிஒய்சி அட்டவணைகளில் வெளியிடத்துக்கு 30 டிகிரி, எஞ்சின் அறைக்கு 50 டிகிரி என்று வைத்திருக்கிறார்கள். 105 டிகிரி தாங்கும் உறையுள்ள கேபிள்கூட எஞ்சின் அறைக்குள் தன் திறனில் 85 சதவீதத்தைத்தான் சுமக்கலாம். 75 டிகிரி உறை என்றால் 75 சதவீதம். பின்னாளில் பெரிய இன்வர்ட்டரோ பெரிய சார்ஜரோ பொருத்தியவர்கள் பழைய கேபிளை அப்படியே விட்டிருப்பார்கள். லித்தியம் பேட்டரிக்கு மாறியவர்கள், எஞ்சினோடு சுற்றிப் பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றும் ஆல்டர்னேட்டரை மாற்றியிருக்க மாட்டார்கள். அந்தப் பேட்டரி கொடுத்ததையெல்லாம் வாங்கிக்கொள்ளும். ஆல்டர்னேட்டர் எஞ்சின் மெதுவாகச் சுற்றும் நேரத்தில்கூட முழுத்திறனில் வேலை செய்து கொதிக்கும். வெப்பத்தைப் பார்த்துக் குறைத்துக்கொள்ளும் ரெகுலேட்டர் இல்லாமல் அந்த மாற்றத்தைச் செய்யாதீர்கள்.

எச்சரிக்கைக் கருவிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தானியங்கி வாயு சிலிண்டர்களின் கண்ணாடிக் குமிழ் பொதுவாக 79 டிகிரியில் உடைந்துதான் வாயு திறக்கும். ஒரு கேபிள் உறை மணிக்கணக்கில் புகைந்தாலும் கூரையருகே இருக்கும் குமிழுக்கு அந்தச் சூடு எட்டாது. எனவே புகையை உணரும் கருவி ஒன்று எஞ்சின் அறையில் வேண்டும். துறையில் ஆளில்லாத நேரத்தில் கேப்டனின் தொலைபேசிக்குச் செய்தி அனுப்பினால் இன்னும் நல்லது. டீசல் புகையால் பொய்யாக அலறாத, எஞ்சின் அறைக்கென்றே செய்த வகையைக் கேட்டு வாங்குங்கள். பொய்யாக அலறும் கருவியை மாலுமிகள் மூன்றாவது நாளே கழற்றி வைத்துவிடுவார்கள்.

வாயுக்களில் எது

இப்போது கேப்டன் கேட்ட கேள்விக்கு வருகிறேன். ஒரு காலத்தில் ஹேலான் 1301 என்ற தீயணைப்பு வாயு இருந்தது. அதற்கு இணையாக இன்றுவரை எதுவும் இல்லை என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். ஓசோன் படலத்தைக் காக்க 1987-இல் கையெழுத்தான மாண்ட்ரியல் உடன்படிக்கையின்படி வளர்ந்த நாடுகளில் அதன் உற்பத்தி 1994 தொடக்கத்தோடு நின்றுவிட்டது. அதன் இடத்தைப் பிடிக்க வந்தவைதான் இன்று விலைப்பட்டியலில் இருப்பவை.

கரியமில வாயு மலிவு, எங்கும் நிரப்பிக்கொள்ளலாம், எந்தக் கறையும் வைக்காது. ஆனாலும் வேண்டாம் என்று கேப்டனிடம் ஒரே மூச்சில் சொன்னேன். அது தீயை அணைப்பது காற்றிலுள்ள ஆக்சிஜனை விரட்டித்தான். அதற்கு அறையில் 34 சதவீதத்துக்குக் குறையாமல் நிறைய வேண்டும். மனிதனுக்கு 10 சதவீதத்திலேயே நினைவு தப்பும். 17 சதவீதத்துக்கு மேல் ஒரு நிமிடத்துக்குள் உயிர் போகலாம். தீயை அணைக்கும் அளவு, ஆளைக் கொல்லும் அளவைப்போல இரண்டு மடங்கு. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2000-இல் வெளியிட்ட ஆய்வு, கரியமில வாயுத் தீயணைப்பு ஏற்பாடுகளால் 1975-க்குப் பிறகு மட்டும் 72 பேர் இறந்ததைப் பட்டியலிட்டது. பெரிய கப்பல்களில் எச்சரிக்கை மணி, தாமதம், தலை எண்ணிக்கை, பயிற்சி பெற்ற ஆட்கள் எல்லாம் இருக்கிறார்கள். 20 மீட்டர் படகில் எஞ்சின் அறைக்குள் குனிந்து ஃபில்டர் மாற்றிக்கொண்டிருக்கும் ஒரே ஒரு மாலுமிக்கு அப்படி எதுவும் இல்லை. இன்னொன்று: 31 டிகிரிக்கு மேல் அந்த வாயு திரவமாக நிற்காது, சிலிண்டருக்குள் அழுத்தம் வேகமாக ஏறும். ஆகவே வெயில் படாத, எஞ்சின் அறைக்கு வெளியிலான தனி இடம் அதற்கு வேண்டும். இந்தப் படகில் அப்படி ஓர் இடம் இல்லை.

அடுத்தது எஃப்எம்-200 என்ற வாயு. அது ஆளைக் கொல்லாது, அளவாகப் பயன்படுத்தினால். 20 கன மீட்டர் அறைக்கு 8.7 சதவீதம் என்று கணக்குப் போட்டால் ஏறத்தாழ 14 கிலோ போதும். கரியமில வாயு என்றால் 20 கிலோ, அதோடு தடித்த இரும்புச் சிலிண்டரின் எடை வேறு. 10 விநாடிக்குள் அறை நிறைந்துவிடும். பல்லாயிரம் படகுகளில் ஒழுங்காக வேலை செய்து பெயர் வாங்கியது. குறை என்னவென்றால், புவியைச் சூடாக்குவதில் அது கரியமில வாயுவைப்போல் மூவாயிரம் மடங்குக்கும் மேல். அதே மாண்ட்ரியல் உடன்படிக்கைக்கு 2016-இல் கிகாலியில் செய்த திருத்தத்தின்படி இந்தக் குடும்பத்து வாயுக்களின் உற்பத்தியை உலகமே படிப்படியாகக் குறைத்துவருகிறது. இன்று வாங்கிவிடலாம், பத்து ஆண்டு கழித்து நிரப்பும்போது என்ன விலை இருக்கும் என்பதை நினைத்துப் பாருங்கள்.

எஃப்கே-5-1-12 என்பது 3எம் நிறுவனம் நோவெக் 1230 என்ற பெயரில் கொண்டுவந்தது. பார்ப்பதற்குத் தண்ணீர்போல் இருக்கும் திரவம். 49 டிகிரியில் கொதிக்கும். காற்றில் சில நாட்களிலேயே சிதைந்துவிடுவதால் புவியைச் சூடாக்கும் கணக்கில் அது ஒன்றுக்கும் குறைவு. தீயை அணைக்கத் தேவையான அளவுக்கும் மனிதனுக்குத் தீங்கு தொடங்கும் அளவுக்கும் இடையே உள்ள தூரம் இந்த வகைகளிலேயே இதில்தான் அதிகம்: சுமார் 6 சதவீதத்தில் அணைக்கும், 10 சதவீதம் வரை பாதிப்பு தெரிவதில்லை. நம் அறைக்கு ஏறத்தாழ 17 கிலோ வேண்டும். 3எம் இந்த வகை ஃப்ளோரின் வேதிப்பொருள்கள் அனைத்தின் உற்பத்தியையும் 2025 இறுதிக்குள் நிறுத்துவதாக 2022 டிசம்பரில் அறிவித்தது. மற்ற உற்பத்தியாளர்கள் அதே திரவத்தைத் தருகிறார்கள். அந்த வேதிப்பொருள்கள் மீது ஐரோப்பாவில் கெடுபிடி கூடிவருவதையும் வாங்குகிறவர் தெரிந்துகொள்ள வேண்டும். இருந்தும் என் கை இதையே சுட்டுகிறது. ஆள் அடிக்கடி உள்ளே போகும் சின்ன அறைக்கு, உயிருக்கு விடும் இடைவெளிதான் எனக்கு முதல் அளவுகோல்.

இந்த இரண்டு வாயுக்களுமே பெரிய சுடரில் பட்டால் ஹைட்ரஜன் ஃப்ளோரைடு என்னும் கடும் அமிலப் புகையை உண்டாக்கும். தீ பெரிதாகப் பெரிதாக அதுவும் கூடும். "ஆளுக்குத் தீங்கில்லாத வாயு" என்று விற்பனையாளர் சொல்வதை நம்பி, பீய்ச்சிய உடனே கதவைத் திறந்து உள்ளே போகக்கூடாது.

ஏரோசால் வகை, அதாவது பொட்டாசியம் உப்புத் துகள்களைப் புகையாகக் கக்கும் டப்பாக்கள், விலையிலும் எடையிலும் எல்லாவற்றையும்விடக் குறைவு. அழுத்தச் சிலிண்டரே இல்லை. பணம் இல்லாதவர்களுக்கு, சிறிய அறைகளுக்கு, ஆள் நுழைய முடியாத பெட்டிகளுக்கு நான் மறுக்க மாட்டேன். ஆனால் கக்கும்போது வாய் கடும் சூடாக இருக்கும், அறைக்குள் கண் தெரியாது, பிறகு படியும் துகள் ஈரத்தை இழுத்து மின்பலகைகளை அரிக்கும். ஆகவே தவறாக ஒருமுறை பீய்ச்சினாலும் முழு எஞ்சின் அறையையும் கழுவித் துடைக்க வேண்டும். பொடி தூவும் தானியங்கி உருண்டைகளை மட்டும் எஞ்சின் அறையில் தொங்கவிடாதீர்கள். அந்தப் பொடி எஞ்சினுக்குள்ளும் ஆல்டர்னேட்டருக்குள்ளும் போனால், தீ விட்டுவைத்ததை அது முடித்துவிடும்.

நீர்ப்பனி ஏற்பாடு 30, 40 மீட்டர் படகுகளுக்கு உரியது. சுடரை அணைப்பதோடு உலோகத்தையும் குளிர்விப்பதால் மறுபடி பற்றாது. இந்த ஒரு குணத்துக்காக எனக்கு அதன்மேல் மரியாதை அதிகம். ஆனால் உயரழுத்த பம்ப், நன்னீர்த் தொட்டி, அதற்கென்று தனி மின்வழி ஆகியவற்றுக்கு 20 மீட்டர் படகில் இடம் எங்கே?

எந்த வாயுவை வாங்கினாலும் அதோடு எஞ்சின் நிறுத்தி ஒன்றைச் சேர்த்து வாங்குங்கள். அதை விலைப்பட்டியலில் தனியாக, விருப்பப்பொருள் என்று போட்டிருப்பார்கள். ஒரு கணக்கு சொல்கிறேன். 10 லிட்டர் டீசல் எஞ்சின் நிமிடத்துக்கு 2,000 சுற்றில் ஓடும்போது, டர்போ இல்லாமலேயே, நிமிடத்துக்கு 10 கன மீட்டர் காற்றை உறிஞ்சும். இரண்டு எஞ்சின்கள் சேர்ந்தால் 20. நம் அறையின் மொத்தக் கொள்ளளவும் அதுதான். டர்போ இருந்தால் அரை நிமிடம்கூட ஆகாது. நீங்கள் பணம் கொடுத்து வாங்கிய வாயுவை எஞ்சின்களே குடித்து, புகைபோக்கி வழியாக வெளியே தள்ளிவிடும். காற்று விசிறிகளும் ஜெனரேட்டரும் அதேபோல்தான். சிலிண்டர் திறக்கும் அதே கணத்தில் இவை எல்லாம் நிற்க வேண்டும். நின்ற பிறகு குறைந்தது 15 நிமிடம் யாரும் மூடியைத் திறக்கக்கூடாது.

முதலாளியிடம் போன பட்டியல்

கேப்டன் மறுநாள் படங்கள் அனுப்பினார். இன்வர்ட்டருக்குப் போகும் கேபிளில் ஃபியூஸ் இருந்தது, ஆனால் பேட்டரியிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி, இன்வர்ட்டரின் பக்கத்தில். யார் வசதிக்காக அங்கே வைத்தார்களோ தெரியவில்லை. அந்த மூன்று மீட்டரும் காவலில்லாத கேபிள்.

நான் எழுதிக்கொடுத்த வரிசை இது. முதல் வாரத்திலேயே ஃபியூஸ்கள், தொலைதூரத் துண்டிப்பு, வானொலிக்குத் தனி பேட்டரி. அதே வாரத்தில் கரை பிளக்குகள் இரண்டையும் திறந்து பார்த்துப் புதிதாக மாற்றுவது, முழுச் சுமையில் கேமரா சோதனை. அடுத்து, புகை உணரும் கருவி. அக்டோபரில் படகைக் கரையேற்றும்போது எஃப்கே-5-1-12 சிலிண்டர், எஞ்சின் நிறுத்தியுடன். பணம் ஒரே தவணையில் இருந்தால் எல்லாவற்றையும் சேர்த்தே செய்துவிடலாம். இரண்டு தவணை என்றால் இந்த வரிசை மாறக்கூடாது. 10 மீட்டர் படகு வைத்திருப்பவர் கேட்டாலும் முதல் இரண்டு வரிகளை அப்படியே சொல்வேன், சிலிண்டர் வரியில் மட்டும் அவருடைய பணத்தைப் பார்த்து ஏரோசாலுக்கு இறங்கி வருவேன். லித்தியம் பேட்டரிகளை எஞ்சின் அறைக்குள் வைத்திருப்பவரிடம், அவற்றை முதலில் வெளியே எடுங்கள் என்பேன். செல்லுக்குள் தொடங்கும் கொதிப்பை எந்த வாயுவும் நிறுத்தாது.

"அதுவரைக்கும், அண்ணாச்சி? அக்டோபருக்கு இன்னும் நான்கு மாதம் இருக்கிறதே?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. பெரிய கைத் தீயணைப்பான்கள் இரண்டை வாங்கி, எஞ்சின் அறைக்கு வெளியே வைக்கச் சொன்னேன். அறையின் மூடியில், தீயணைப்பானின் முனை நுழையும் அளவுக்கு ஒரு துளை போட்டு, அதற்குத் தள்ளித் திறக்கும் சிறு மூடி பொருத்தச் சொன்னேன். மூடியை முழுதாகத் திறந்தால் காற்று உள்ளே பாய்ந்து சுடர் முகத்துக்கு வரும். துளை வழியாகப் பீய்ச்சினால் அந்த ஆபத்து இல்லை. அந்தக் கைத் தீயணைப்பான்கள் கரியமில வாயு வகையாக இருக்கலாமா என்றார். ஆளில்லாத அறைக்குள் வெளியிலிருந்து பீய்ச்சுவதற்கு அது நல்லதுதான், மின்பலகைகளையும் கெடுக்காது என்றேன்.

முந்தாநாள் ஒரு படம் வந்தது. எஞ்சின் அறை மூடியில் புதுத் துளை, சிவப்பு வண்ணம் அடித்த சிறு மூடி, அதன் பக்கத்தில் தமிழிலும் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் எழுதிய தாள்: முதலில் மேடையில் பொத்தானை அழுத்து, பிறகு இங்கே பீய்ச்சு.